மூன்றரை வட்டிக் கடனும் மளிகைக் கடைக்காரரும்

"இன்று ரொக்கம், நாளை கடன்" என்ற பலகை தொங்காத மளிகைக் கடை நம் பக்கத்தில் குறைவு. கடன் கொடுப்பதில் உள்ள சங்கடங்களை நம்மைவிட அறிந்தவர் யாருமில்லை. எவருக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம், எவர் பத்தாம் தேதிக்குள் தந்துவிடுவார், எவர் இரண்டு மாதம் இழுப்பார் என்பதையெல்லாம் பற்று நோட்டைப் புரட்டாமலேயே சொல்லிவிடுவோம். ஆனால் கடன் வாங்கும் இடத்தில் நாம் நிற்கும்போது, அதுவும் ஒரு அட்டையைத் தேய்த்து வாங்கும்போது, இந்த அறிவு எங்கோ போய்விடுகிறது. எதிர்பாராத செலவு ஒன்று வந்து, கிரெடிட் கார்டில் பெரிய தொகை ஏறிவிட்டால், அதிலிருந்து கடைக்கும் கடைக்காரரின் பெயருக்கும் கெடுதல் வராமல் வெளியே வருவது எப்படி என்று இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நடுத்தர ஊரில் ஒரு மளிகைக் கடை. ஒரு நாள் இரவு கடைக்காரரின் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிடுகிறது. தனியார் மருத்துவமனையில் மறுநாளே அறுவை சிகிச்சை. 1,20,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கல்லாவில் இருக்கும் பணம் புதன்கிழமை எண்ணெய் மண்டிக்குப் போகவேண்டிய பணம். வேறு வழியின்றி கார்டைத் தேய்க்கிறார். இதில் அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த இரவில் கார்டு தன் வேலையைச் செய்திருக்கிறது.

தவறு பெரும்பாலும் இருபது நாள் கழித்து, பில் வரும்போது தொடங்குகிறது. பில்லில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று மொத்த நிலுவை. மற்றது "குறைந்தபட்சம் செலுத்த வேண்டிய தொகை". பல வங்கிகளில் இது நிலுவையில் 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 1,20,000 எங்கே, 6,000 எங்கே! ஆறாயிரத்தைக் கட்டிவிட்டு, இந்த மாதம் தப்பித்தோம் என்று மூச்சு விடுகிறார். அடுத்த மாதமும் அப்படியே.

மூன்றரை வட்டி என்றால் என்ன?

கிரெடிட் கார்டுக்குப் பல வங்கிகள் வாங்கும் வட்டி மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. சில கார்டுகளில் அதற்கும் மேல். நம் வழக்கில் சொன்னால் மூன்றரை வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்றரை ரூபாய். ஊரில் யாராவது நம்மிடம் வந்து மூன்றரை வட்டிக்குப் பணம் தருகிறேன் என்றால் ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுவோம். அதே வட்டியைப் பெரிய வங்கியின் பெயர் அச்சிட்ட காகிதத்தில் பார்க்கும்போது நமக்கு உறைப்பதில்லை. இந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1,20,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 4,200 ரூபாய். அதற்கு ஜி.எஸ்.டி. 756 ரூபாய். ஆக மொத்தம் 4,956 ரூபாய். நிலுவை 1,24,956 ஆகிறது. அதில் 5 சதவீதம் 6,248 ரூபாய் கட்டுகிறார். அசலில் குறைந்தது 1,292 ரூபாய் மட்டுமே. இப்படியே ஒரு மாதம்கூடத் தவறாமல், ஒரு ரூபாய்கூடப் புதிதாகத் தேய்க்காமல், ஓர் ஆண்டு முழுவதும் கட்டினால் அவர் கையிலிருந்து போயிருக்கும் தொகை சுமார் 70,700 ரூபாய். கடனில் பாக்கி? சுமார் 1,05,400 ரூபாய். எழுபதாயிரம் கட்டி, பதினாலாயிரத்து அறுநூறு ரூபாய்தான் குறைந்திருக்கிறது. மீதி 56,000 வட்டிக்கும் வரிக்கும் போய்விட்டது.

இதைக் கடை வியாபாரத்தோடு ஒப்பிட்டால்தான் நமக்கு விளங்கும். எண்ணெயில் என்ன நிற்கிறது, சர்க்கரையில் என்ன நிற்கிறது, சோப்பு பிஸ்கெட்டில் என்ன நிற்கிறது என்பது நமக்குத் தெரியும். வாடகை, மின்சாரம், ஆள்கூலி எல்லாம் போக நூற்றுக்கு 8 ரூபாய் நின்றால் நல்ல கடை என்போம். அந்த 8 ரூபாய்க் கணக்கிலேயே பார்த்தாலும், முதல் மாத வட்டியான 4,956 ரூபாயைச் சம்பாதிக்க ஏறத்தாழ 62,000 ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். மூன்று நாள் வியாபாரம் கார்டு வட்டிக்கு என்று எழுதிவைத்துவிட வேண்டியதுதான். மளிகை லாபம் இந்த வட்டியைத் தாங்காது. அதிகம் விற்று அடைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் போதும்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. நம்மில் பலர் கம்பெனிச் சரக்கு, பெட்ரோல், கடைக்கு வேண்டிய பொருள் என்று கார்டில் வாங்குவதுண்டு. மாதாமாதம் முழுத்தொகையும் கட்டிவரும் வரையில் முப்பது, நாற்பது நாள் வட்டியில்லாமல் கிடைக்கும். அது நல்ல வசதி. ஆனால் முந்தைய பில்லில் பாக்கி வைத்துவிட்டால் அந்த வட்டியில்லா நாட்கள் போய்விடும். அதன்பிறகு தேய்க்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே மருத்துவச் செலவு ஏறிய கார்டில் கடைச் சரக்கையும் வாங்கிக்கொண்டிருந்தால், அந்தச் சரக்கின் லாபத்தையும் வட்டி தின்றுவிடும். பாக்கி உள்ள கார்டை அன்றைக்கே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். சரக்குக்கு ரொக்கம், அல்லது மொத்த வியாபாரியிடம் பேசி நாள் கேட்பது. இந்த இரண்டே வழிதான்.

கடனை இடம் மாற்றுவது

கார்டுக் கடனை அடைக்கும் முறையைக் காட்டிலும், அதைக் குறைந்த வட்டிக் கடனாக மாற்றும் முறையைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். முதல் பில்லின் கடைசித் தேதிக்கு முன்பே இது நடந்துவிட்டால் மிகவும் நல்லது. முழுத்தொகையும் அன்றே கட்டப்பட்டுவிடுவதால் கார்டு வட்டியே விழாது.

நமக்குக் கையருகே இருப்பது நகைக் கடன். மருத்துவச் செலவுக்கு நகையை வைப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்து, வீட்டில் சொல்லாமலே கார்டில் வைத்திருப்பவர்கள் உண்டு. யாருக்கும் தெரியாத கடன் என்பதால் அது கௌரவமான கடன் ஆகிவிடாது. வங்கியில் ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் 1,20,000 ரூபாய் நகைக் கடன் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தைக் கொண்டு கார்டை முழுதாக அடைத்துவிட்டு, கார்டுக்குக் கட்டிவந்த அதே அளவில் மாதம் 6,000 ரூபாயை நகைக் கடனுக்குக் கட்டினால், ஓராண்டு முடிவில் பாக்கி சுமார் 57,000 ரூபாய்தான் இருக்கும். கார்டிலேயே விட்டிருந்தால் 1,05,000. கையிலிருந்து போனது கிட்டத்தட்ட ஒரே தொகை. பாக்கியில் வித்தியாசம் 48,000 ரூபாய். ஆனால் நகைக் கடன் வாங்கும்போதே, இடையிடையே பகுதித் தொகை கட்டலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டு முடிவில் மொத்தமாகத் திருப்பும் வகையை எடுத்துவிட்டு, பணத்தையும் சேர்த்துவைக்காமல் விட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.

வங்கியில் வைப்புத்தொகை இருந்தால் அதன்மேல் கடன் வாங்கலாம்; அதன் வட்டி நமக்கு வரும் வட்டியைவிடச் சற்றுத்தான் கூடுதலாக இருக்கும். எல்.ஐ.சி. பாலிசி சில ஆண்டுகள் ஓடியிருந்தால் அதன்மேலும் கடன் உண்டு. பதிவு பெற்ற சீட்டுக் கம்பெனியில் சீட்டு கட்டிவருகிறவர், பாதிக்கு மேல் மாதங்கள் ஓடியிருந்தால், தள்ளு அதிகம் போகாமல் எடுக்க முடியுமா என்று பார்க்கலாம். ஆரம்ப மாதங்களில் அவசரத்துக்குச் சீட்டு எடுப்பது வேறு கதை. அப்போது தள்ளுபடியாகப் போகும் தொகையைக் கணக்கிட்டுப் பார்த்தால் கார்டு வட்டிக்குப் பெரிதும் குறையாது.

கடைக்கு வங்கியில் ஓவர்டிராஃப்ட் இருப்பவர்கள் அதிலிருந்து எடுத்துக் கார்டை அடைக்கலாம். வட்டி குறைவுதான். ஆனால் அதைச் சொந்தச் செலவாகக் கணக்கில் எழுத வேண்டும். அதன் வட்டியைக் கடைச் செலவாகக் காட்டக்கூடாது. உங்கள் ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். மேலும் தீபாவளி, பொங்கல் சரக்குக்கு வைத்திருந்த வரம்பு இதில் அடைபட்டுவிடும் என்பதையும் எண்ணிப் பார்த்தே எடுக்க வேண்டும். ஆடியில் எடுத்தால் ஐப்பசிக்குள் திருப்ப முடியுமா என்பது உங்கள் கடைக்கு உங்களுக்குத்தான் தெரியும்.

இவை எதுவும் இல்லாதவர்கள், கார்டு கொடுத்த வங்கியிடமே அந்தத் தொகையை மாதத் தவணையாக மாற்றித் தரச் சொல்லலாம். மூன்றரை வட்டியைவிட இது மேல். ஆனால் தொலைபேசியில் பேசும் பிள்ளைகள் "மாதம் 1 சதவீதம்தான் சார்" என்று சொன்னால், குறைந்துவரும் பாக்கிக்கு வட்டியா, முதல் தொகைக்கே கடைசிவரை வட்டியா என்று கேட்க வேண்டும். 1,20,000 ரூபாயை 12 மாதத்துக்கு, முதல் தொகைக்கே மாதம் 1 சதவீதம் என்று போட்டால் தவணை 11,200 ரூபாய். பார்வைக்கு ஆண்டுக்கு 12 சதவீதம். உண்மையில் 21 சதவீதத்துக்கு மேல். பாதிக் கடனைத் திருப்பிய பிறகும் முழுக் கடனுக்கு வட்டி கட்டுகிறோம் அல்லவா? இதோடு நடைமுறைக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் உண்டு. தவணை முழுவதும் அந்தந்த மாதக் குறைந்தபட்சத் தொகையில் சேர்ந்துவிடும் என்பதால், மாதம் 11,200 ரூபாயைக் கடை தாங்குமா என்று பார்த்துவிட்டே சரி சொல்ல வேண்டும். தாங்காது என்றால் 18 மாதமோ 24 மாதமோ கேளுங்கள்.

செய்யக்கூடாதவை இரண்டு. ஒரு கார்டில் ரொக்கம் எடுத்து மற்றொரு கார்டுக்குக் கட்டுவது முதலாவது. ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டு ரொக்கம் எடுத்தால் எடுத்தவுடன் கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி. வட்டியில்லா நாள் என்ற பேச்சே அதில் இல்லை.

இரண்டாவது நம் தொழிலுக்கே உரிய சபலம். கடையில் கார்டு மெஷின் இருக்கிறது. நம் கார்டை நம் மெஷினிலேயே தேய்த்தால் ஓரிரு நாளில் பணம் நம் கணக்குக்கு வந்துவிடும். இரண்டு சதவீதம் போனால் போகட்டும் என்று தோன்றும். பழகிய வாடிக்கையாளர் ஒருவர் வந்து, "அண்ணாச்சி, பத்தாயிரத்துக்கு என் கார்டைத் தேச்சிட்டு ரொக்கமா குடுங்க, இருநூறு ரூபாய் எடுத்துக்கோங்க" என்று கேட்பதும் நடக்கிறதுதான். சரக்கு விற்காமல் மெஷினில் தேய்ப்பது, மெஷின் கொடுத்த வங்கியோடு நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு மாறானது. கண்டுபிடித்தால் மெஷினையும் எடுத்துக்கொள்வார்கள், கார்டையும் நிறுத்துவார்கள். அது மட்டுமல்ல. மெஷினில் வந்த தொகை விற்பனையாக வங்கிக் கணக்கில் நிற்கும். பில் புத்தகத்தில் அந்த விற்பனை இருக்காது. வரி அதிகாரி கேட்டால் விற்றேன் என்று சொல்வதா, விற்கவில்லை என்று சொல்வதா? இரண்டும் கஷ்டம்.

தேதியும் முன்னுரிமையும்

கடனை மாற்ற ஒன்றிரண்டு மாதம் ஆகும் என்றால், அதுவரை குறைந்தபட்சத் தொகையையாவது தேதி தவறாமல் கட்ட வேண்டும். அது கடனைத் தீர்க்காது. ஆனால் நம் பெயரைக் காக்கும். இந்திய ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த கார்டு நெறிமுறையின்படி, கடைசித் தேதி கழிந்து மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் போடலாம், தவறியவர் என்று பதிவும் செய்யலாம். அந்த மூன்று நாளை நம்பித் திட்டம் போட வேண்டாம். நான்காம் நாள் ஆனதும் கணக்கு பழைய தேதியிலிருந்தே எண்ணப்படும். தாமதக் கட்டணத்தையும் கடைசித் தேதிக்குப் பின் கட்டாமல் நிற்கும் தொகைக்குத்தான் கணக்கிடலாம். பில்லின் முழுத் தொகைக்குப் போடக்கூடாது. பில்லை வாங்கி ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பில் தேதியை வாடிக்கையாளர் ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளவும் வங்கிகள் இடம் தர வேண்டும். இது நமக்கு மிகவும் பயன்படும். மாதச் சம்பளக்காரர்கள் பற்றைத் தீர்ப்பது 5-ம் தேதியிலிருந்து 10-ம் தேதிக்குள். கார்டின் கடைசித் தேதி 2-ம் தேதியாக இருந்தால் ஒவ்வொரு மாதமும் கல்லா காலியாக இருக்கும்போதே கட்ட நேரிடும். அதை 12-ம் தேதி அளவுக்கு மாற்றிக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

பணம் பற்றாத மாதத்தில் எதை முதலில் கட்டுவது என்ற கேள்வி எழும். மண்டிக்காரருக்குத் தேதியிட்டுக் கொடுத்த காசோலை முதலில். அது திரும்பினால் செலாவணி முறிச் சட்டம் 138-வது பிரிவின்படி அது குற்ற வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. கார்டு பாக்கி அப்படிப்பட்டதல்ல. ஆனால் காசோலையைத் திரும்பவிட்டும், கார்டுக் கடைசித் தேதியைத் தவறவிட்டும் திண்டாடுவதைவிட, மண்டிக்காரரிடம் முன்கூட்டியே போய், வீட்டில் இப்படி ஆகிவிட்டது, பதினைந்து நாள் கொடுங்கள் என்று கேட்டுவிடலாம். பல ஆண்டு பழக்கத்தில் அதற்கு இடமிருக்கும். காசோலை போட்ட பிறகு சொல்வதற்கும் போடுவதற்கு முன் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை, நாம் கொடுத்த கடனை வசூலிக்கும்போது நாமே உணர்ந்திருக்கிறோம்.

நம்மைப் பற்றிய நோட்டு

சிபில் மதிப்பெண் என்று பேச்சுவழக்கில் சொல்வது, நம் பற்று நோட்டைப் போன்ற ஒன்றுதான். நாம் வாடிக்கையாளரைப் பற்றி வைத்திருப்பதை, வங்கிகள் எல்லாம் சேர்ந்து நம்மைப் பற்றி வைத்திருக்கின்றன. சிபில் நிறுவனம் 2000-ல் தொடங்கப்பட்டது. இப்போது டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் உள்ளன. மதிப்பெண் 300-லிருந்து 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் வங்கி முகம் கொடுத்துப் பேசும் என்பது பொதுவான அனுபவம்.

தனி உரிமையாளராகக் கடை நடத்துகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். கடைக்கும் உங்களுக்கும் ஒரே பான் எண். கடைக்கு ஓவர்டிராஃப்ட் புதுப்பிக்கப் போனாலும், முத்ரா கடன் கேட்டாலும், வங்கி பார்ப்பது உங்கள் சொந்த நோட்டைத்தான். "அது வீட்டுச் செலவுக் கார்டு, இது கடைக் கணக்கு" என்று நாம் பிரித்துச் சொல்வது அங்கே எடுபடாது. ஐந்து லட்சம் கேட்கும் இடத்தில், ஐந்து ஆண்டுக்கு முன் மறந்துபோன ஒரு கார்டின் ஆண்டுக் கட்டணம் பாக்கியாக நின்று வழிமறிப்பதும் உண்டு.

அந்த நோட்டில் கடந்த 36 மாதங்களில் எந்த மாதம் எத்தனை நாள் தாமதம் என்பது மாதவாரியாக இருக்கும். அடுத்ததாகப் பார்க்கப்படுவது, கொடுத்த வரம்பில் எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறோம் என்பது. நம் உதாரணக் கடைக்காரரின் கார்டு வரம்பு 1,50,000 என்றால் அவர் 80 சதவீதத்தைப் பயன்படுத்தியிருக்கிறார். ஒரு நாள்கூடத் தாமதம் இல்லாவிட்டாலும் அதனாலேயே மதிப்பெண் இறங்கும். பொதுவாக 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பார்கள். இதற்காகக் கலங்க வேண்டியதில்லை. பாக்கி இறங்கினால் இந்தக் குறை தானே சரியாகிவிடும். முன்பு மாதம் ஒரு முறை அனுப்பப்பட்ட விவரங்கள், 2025 ஜனவரியிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது போக வேண்டும் என்று ஆகியிருப்பதால், அடைத்த பலன் விரைவிலேயே தெரியும். தாமதத்தின் தழும்புதான் நாளாகும்.

பதற்றத்தில் நாலைந்து வங்கிகளுக்கும் கைபேசிக் கடன் செயலிகளுக்கும் ஒரே வாரத்தில் விண்ணப்பிப்பதும் நோட்டில் பதிவாகும். ஒரே வாரத்தில் ஐந்து கடைகளில் கடன் கேட்டுத் திரிந்தவருக்கு ஆறாவது கடைக்காரராகிய நாம் கொடுப்போமா? வங்கியும் அப்படித்தான் பார்க்கிறது. நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

பாதிக்குத் தீர்த்துக்கொள்வது

நான்கைந்து மாதம் எதுவும் கட்டாமல் நின்றுவிட்டால் வசூல் முகவர் பேசத் தொடங்குவார். சில காலம் கழித்து, "1,40,000 ஆகியிருக்கிறது, 70,000 கட்டுங்கள், முடித்துக்கொள்ளலாம்" என்பார். வியாபாரிக்கு இதைக் கேட்டதும் இனிக்கும். பாதி விலைக்குச் சரக்கு கிடைத்தது போல ஒரு மகிழ்ச்சி. ஆனால் நோட்டில் அந்தக் கணக்கு "முடிந்தது" என்று எழுதப்படாது. "சமரசமாகத் தீர்க்கப்பட்டது" என்று எழுதப்படும். பார்க்கிற வங்கிக்கு அதன் பொருள், இவர் ஒரு வங்கிக்கு முழுத்தொகை தராதவர் என்பதே. கடன் தகவல் நிறுவனங்கள் விவரங்களைக் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

இதன் விலை அப்போது தெரியாது. இரண்டு ஆண்டு கழித்துத் தீபாவளிச் சரக்குக்கு ஐந்து லட்சம் கேட்டுப் போகும்போது, மேலாளர் கணினித் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். பிறகு தண்டல்காரரிடம்தான் போக வேண்டும். பத்தாயிரத்துக்கு 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாள் வாங்குகிற கணக்கை ஆண்டு வட்டியாக்கிப் பார்த்தால் நூறு சதவீதத்தைத் தாண்டும். 70,000 மிச்சம் பிடித்ததாக நினைத்தது இரண்டு பண்டிகைச் சீசனில் போய்விடும். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் இருக்கிறது. ஆனாலும் கடைவாசலில் மாலை நேரத்தில் சைக்கிளும் பைக்கும் வந்து நிற்பது நின்றுவிடவில்லை.

என் கருத்து, வேறு வழியே இல்லாதவருக்குத்தான் சமரசம். நகையோ, வைப்பு நிதியோ, உறவினர் உதவியோ ஒன்று இருந்தாலும், வட்டியையும் அபராதத்தையும் குறைக்கச் சொல்லிப் பேசி, அசலை முழுதாகத் தவணையில் கட்டிவிடுவதே நல்லது. ஏற்கெனவே சமரசம் செய்துகொண்டவர்கள் மனம் தளர வேண்டாம். வசதி வரும்போது வங்கியை அணுகி, விட்டுப்போன தொகையைக் கட்டி, நிலுவையில்லாச் சான்று பெற்று, பதிவைத் திருத்தக் கேட்கலாம்.

முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022-ல் விதித்த கட்டுப்பாடு. வாடிக்கையாளர்கள் நிற்கும்போது கடையில் வந்து சத்தம் போட்டு அவமானப்படுத்துவதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தேதி, நேரம், பேசிய எண் ஆகியவற்றைக் குறித்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. கடன் பாக்கி இருப்பதால் புகார் கொடுக்கும் உரிமை போய்விடாது.

வட்டி அளவைப் பற்றி ஒரு செய்தி. கார்டுக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்திருந்தது. வங்கிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆகவே மூன்றரை வட்டி சட்டப்படி தவறு, வழக்குப் போட்டால் குறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் கட்டாமல் இருந்துவிட வேண்டாம்.

அறிக்கையைப் பார்ப்பது

2017 முதல், நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவர்களுடைய இணையதளத்தில் பான் எண்ணும் கைபேசி எண்ணும் கொடுத்துப் பெறலாம். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பார்கள். கட்டிய கடன் கட்டாததாக நிற்பது, நம் பெயரையொத்த வேறொருவர் கடன் நம் கணக்கில் ஏறியிருப்பது, மூடிய கார்டு திறந்ததாகக் காட்டுவது ஆகிய பிழைகள் வருவதுண்டு. பிழையைச் சுட்டிக்காட்டி எழுதினால் 30 நாளில் தீர்க்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் ஆணையிட்டு, அடுத்த ஆண்டு ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது.

கார்டை அடைத்து முடித்தவர்கள் உடனே அதை மூட வேண்டுமா என்று கேட்கிறார்கள். பழைய கார்டு, ஆண்டுக் கட்டணம் இல்லாதது என்றால் வைத்திருப்பதால் மதிப்பெண்ணுக்கு நன்மைதான். ஆனால் கையில் இருந்தால் தேய்த்துவிடுவேன் என்று தன்னை அறிந்தவர்கள் மூடிவிடுவதே நல்லது. மதிப்பெண் சற்று இறங்கினால் இறங்கட்டும். பாக்கி இல்லாத கார்டை மூடக் கேட்டால் ஏழு வேலை நாட்களில் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். மூடிய கடிதத்தையும் நிலுவையில்லாச் சான்றையும் வாங்கி, கடை உரிமம், ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று ஆகியவற்றோடு அதே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவர்டிராஃப்ட் புதுப்பிக்கும் மாதம் எது என்று பார்த்து, அதற்கு மூன்று மாதம் முன்பே அறிக்கையை எடுத்துவிடுங்கள். புரட்டாசியில் புதுப்பிக்கிறவர் ஆனியில் எடுத்தால், பிழை ஏதும் இருந்தாலும் எழுதித் திருத்த நாள் இருக்கும்.